மின்சாரம் திரும்பிய பிறகும் வீடு ஏன் சூடாவதில்லை? போர்முனை நகரங்களின் குளிர்காலம்

உக்ரைனின் போர்முனை நகரங்களில் தாக்குதல் நடந்த ஓரிரு நாட்களில் மின்சாரம் திரும்பிவிட்டதாகச் செய்தி வருகிறது. அதே நகரங்களில் ஆயிரக்கணக்கான குடியிருப்புகள் இன்னும் வெப்பமில்லாமல் இருக்கின்றன என்றும் மறுநாளே செய்தி வருகிறது. இவை இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும், வீட்டுக்கு ஒரு மின்ஹீட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் சிக்கல் தீராதா என்பது கேள்வி. மின்சாரத்தை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்தும், வேண்டுமானால் பக்கத்து நாட்டிலிருந்தும் கம்பி வழியே கொண்டுவந்துவிடலாம். 2022 மார்ச் 16 அன்று ஐரோப்பிய மின்தொகுப்போடு இணைந்த பிறகு உக்ரைன் அதைத்தான் செய்துவருகிறது. வெப்பத்தை அப்படிக் கொண்டுவர வழியில்லை. அது அந்த நகரத்துக்கு உள்ளேயோ அதன் ஓரத்திலோதான் உண்டாக வேண்டும். அந்த இடமே பீரங்கிக்கு எட்டும் தொலைவில் இருக்கும்போது மற்ற எல்லாச் சிக்கல்களும் அதிலிருந்து கிளைக்கின்றன.

முதலில் அங்கே வீடுகள் எப்படிச் சூடாகின்றன என்பதைச் சொல்லிவிட வேண்டும். சோவியத் காலத்தில் கட்டப்பட்ட நகரங்களில் பெரும்பாலான அடுக்குமாடிக் கட்டடங்களுக்குத் தனி அடுப்போ தனிக் கொதிகலனோ கிடையாது. நகர ஓரத்தில் ஒரு பெரிய நிலையம் எரிவாயுவையோ நிலக்கரியையோ எரித்து நீராவி உண்டாக்கி, அந்த நீராவியில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுத்துக்கொண்டு, மிஞ்சும் வெப்பத்தைத் தண்ணீரில் ஏற்றி, தெருவுக்கு அடியில் ஓடும் தடித்த குழாய்களில் நகரம் முழுவதும் அனுப்புகிறது. இந்தக் கூட்டு வெப்ப மின்நிலையத்தை அங்குள்ளவர்கள் ‘தெத்ஸ்’ என்ற சுருக்கப் பெயரால் அழைக்கிறார்கள். தெத்ஸ் இல்லாத பகுதிகளில் பேட்டைக்கு ஒன்றாகக் கொதிகலன் நிலையங்கள் அதே வேலையைச் செய்கின்றன. சூடான தண்ணீர் கட்டடத்துக்குள் ஏறி, ஒவ்வொரு அறையின் ரேடியேட்டர் வழியாகவும் இறங்கி, ஆறிய நிலையில் மறுபடியும் நிலையத்துக்கே திரும்பும். வெளி வெப்பநிலையின் நாள் சராசரி தொடர்ந்து மூன்று நாட்கள் 8 டிகிரிக்குக் கீழே போனால் வெப்பப் பருவம் தொடங்க வேண்டும் என்பது நடைமுறை; ஏறத்தாழ அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அது நீளும். அமைதிக் காலத்தில் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது கடினம். ஒரே எரிபொருளில் மின்சாரமும் வெப்பமும் கிடைக்கின்றன, தனிமனிதர் எவரும் விறகைப் பற்றியோ சிலிண்டரைப் பற்றியோ நினைக்க வேண்டியதில்லை. லட்சம் பேருக்குப் போகும் வெப்பம் ஒரே கழுத்து வழியாகப் போகிறது என்பதுதான் அதன் பலவீனம்.

அந்தக் கழுத்தை நெரிக்க நிலையத்தையே தகர்க்க வேண்டியதில்லை. எரிவாயு, பம்புகளுக்கு மின்சாரம், குழாய்களை நிரப்பத் தண்ணீர், ஓட்டையில்லாத குழாய் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும். நான்கில் ஒன்று போனாலும் ரேடியேட்டர் ஆறிவிடும். நாட்டின் எரிவாயு உற்பத்தியில் பெரும்பகுதி கார்கிவ், பொல்தாவா மாநிலங்களில் நடப்பதால், அந்த எரிவாயுக் களங்களின் மீது 2025 இலையுதிர்காலத்தில் விழுந்த அடிகள் தொலைவிலுள்ள நகரங்களின் ரேடியேட்டர்களையும் தொட்டன. மின்சாரத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். தண்ணீரின் கதைதான் அதிகம் பேசப்படாதது. மிக்கோலாயிவ் நகரத்துக்கு நீப்பர் ஆற்றிலிருந்து நன்னீர் கொண்டுவந்த பெருங்குழாய் 2022 ஏப்ரலில் சிதைந்தது. குழாய் கிடந்த இடம் ஆக்கிரமிப்பில் இருந்ததால் பழுதுபார்க்கவும் முடியாமல், நகராட்சி கழிமுகத்தின் உவர்நீரையே குழாய்களில் விட வேண்டியதாயிற்று. குடிக்க முடியாத அந்த நீர் குழாய்களை உள்ளிருந்தே அரித்தது. குண்டு எதுவும் விழாத தெருக்களில்கூடக் குழாய்கள் அடுத்தடுத்துப் பொத்துக்கொண்டன. போர்முனைக் கோட்டின் மறுபக்கத்தில், ரஷ்யக் கட்டுப்பாட்டில் உள்ள தொனெத்ஸ்க் நகரத்துக்கும் இதே போன்ற நிலை ஏற்பட்டது: வடக்கிலிருந்து கால்வாய் வழியே வந்த தண்ணீர் 2022இல் நின்றுபோன பிறகு, வீட்டுக் குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறை வரும் தண்ணீரைக் கொண்டு வெப்ப வலையை நிரப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

இனி நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மின்சாரத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள உண்மையான வேறுபாடு அதில்தான் இருக்கிறது. மின்கம்பி அறுந்தால் அது அறுந்த நிலையிலேயே இருக்கும்; பத்து நாள் கழித்து இணைத்தாலும் அதே கம்பிதான். தண்ணீர் நின்ற வெப்பக் குழாய் அப்படியில்லை. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். வார்ப்பிரும்பு ரேடியேட்டரும் எஃகுக் குழாயும் அதைத் தாங்க மாட்டா. 1970களில் எழுப்பப்பட்ட ஒன்பது மாடிப் பேனல் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே மைனஸ் 15 டிகிரி. பம்ப் நின்றதும் வீடுகள் உடனே குளிர்ந்துவிடாது, கான்கிரீட் சிறிது நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் உறைவது யாரும் வசிக்காத இடங்கள்தான்: அடித்தளத்தில் உடைந்த சன்னல் ஓரமாகப் போகும் குழாய், மாடிப்படி முனையில் இருக்கும் ரேடியேட்டர், ஆட்கள் வெளியேறிப் பூட்டிக் கிடக்கும் மூலைவீடு. ஒரே செங்குத்துக் குழாயில் ஒன்பது மாடி ரேடியேட்டர்களும் கோக்கப்பட்டிருப்பதால், ஆறாம் மாடியில் பூட்டிய வீட்டில் ஒன்று வெடித்தால் அந்த வரிசை முழுவதும் போயிற்று. அதனால், பம்ப் சில மணி நேரத்துக்குள் திரும்பாது என்று தெரிந்ததும், பராமரிப்புப் பணியாளர் கைவிளக்கோடு அடித்தளத்தில் இறங்கி, வால்வைத் திறந்து, கட்டடத்தின் மொத்தத் தண்ணீரையும் சாக்கடையில் விட்டுவிட வேண்டும். கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்த சூடும் அந்தத் தண்ணீரோடு போய்விடும் என்பது அவருக்கும் தெரியும், மேலே இருப்பவர்களுக்கும் தெரியும். ஆனால் வடிக்காமல் விட்டால் வசந்தம் வரைக்கும் அந்தக் கட்டடத்தைச் சூடாக்க முடியாமல் போகலாம்.

வடித்த கட்டடத்தை மறுபடி நிரப்புவது அதைவிட மெதுவான வேலை. ஒவ்வொரு செங்குத்து வரிசையிலும் சிக்கிய காற்றை மேல்மாடியிலிருந்து வெளியேற்ற வேண்டும். பூட்டிய வீட்டுக்குள் ஏதேனும் ஒழுகுகிறதா என்று பார்க்க உரிமையாளரைத் தேட வேண்டும், அவர் போலந்திலோ ஜெர்மனியிலோ இருப்பார். நிலையம் இயங்கத் தொடங்கிவிட்டது என்ற அறிவிப்புக்கும் அறை சூடாவதற்கும் இடையில் நாட்கள் கழிவது இதனால்தான். கேள்வியில் உள்ள முரணுக்குப் பாதி விடை இந்த அடித்தள வால்வில் இருக்கிறது.

போர் இல்லாத காலத்திலேயே இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லுகான்ஸ்க் மாநிலத்தின் அல்செவ்ஸ்க் சாட்சி. 2006 ஜனவரியில், கடும் குளிரில், அங்கே ஒரு முதன்மை வெப்பக் குழாய் உடைந்தது. உரிய நேரத்தில் தண்ணீரை வடிக்காததால் வலை வரிசையாக உறைந்து வெடித்தது. குழந்தைகளை வேறு ஊர்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று, நாடெங்கிலுமிருந்து வெல்டிங் பணியாளர்கள் வந்து வாரக்கணக்கில் பாடுபட்டார்கள். சாலைகள் திறந்திருந்தன, வானத்திலிருந்து எதுவும் விழவில்லை, அப்படியும் அந்த நிலை. உக்ரைன் பொறியாளர்களிடம் வெப்பத்தைப் பற்றிப் பேசினால் அந்த ஊரின் பெயர் இன்றும் எழும்.

போர்முனையில் நடந்ததற்கு 2017ஐப் பார்க்கலாம். அந்த ஜனவரி இறுதியில், 2014 முதலே போர் நடந்துவந்த தொனெத்ஸ்க் மாநிலத்தின் அவ்தீவ்காவைச் சுற்றிச் சண்டை மூண்டு, நகரத்தின் பெரிய கோக் ஆலைக்கு (நிலக்கரியைச் சுட்டு எஃகு உலைகளுக்கான எரிபொருளாக்கும் ஆலை) போன மின்கம்பிகள் அறுந்தன. வெளியே மைனஸ் 20 டிகிரியை ஒட்டிய குளிர். அந்த ஆலையின் அடுப்புகளிலிருந்து வரும் வாயுதான் ஊரின் வீடுகளையும் சூடாக்கிவந்தது. கோக் அடுப்பு ஒருமுறை முற்றிலும் ஆறிவிட்டால் அதன் செங்கற்கள் விரிசல்விட்டு மறுபடி பயன்படாமல் போகும். எனவே ஆலையை நிறுத்தினால் ஆலையும் போகும், ஊரின் வெப்பமும் போகும். பணியாளர்கள் உற்பத்தியைக் குறைத்து, குழாய்கள் உறையாத அளவுக்கு மட்டும் சூட்டைக் கொடுத்துக்கொண்டு, கம்பியைச் சரிசெய்யச் சில மணி நேரப் போர்நிறுத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். மனிதருக்குப் போதாத, குழாய்க்கு மட்டும் போதுமான சூடு: போர்முனை நகரங்களின் வெப்பத்துறையினர் அதற்குப் பிறகு பலமுறை செய்ய நேர்ந்த கணக்கு இது. 2024 பிப்ரவரியில் அவ்தீவ்கா வீழ்ந்தபோது சூடாக்க அங்கே அதிகக் கட்டடங்களே மிச்சமிருக்கவில்லை.

மின்ஹீட்டரைப் பற்றிய கேள்விக்கு இப்போது வரலாம். ஒரு வீட்டுக்கு அது விடைதான். ஒரு தெருவுக்கு இல்லை. இந்தக் கட்டடங்களுக்கு மின் இணைப்பு கொடுத்தவர்கள் விளக்கு, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்குத்தான் கணக்குப் போட்டார்கள், வெப்பம் குழாயில் வரும் என்ற நம்பிக்கையில். ரேடியேட்டர் ஆறிய மாலையில் நூறு வீடுகளிலும் இரண்டு கிலோவாட் ஹீட்டரைப் போட்டால், கட்டடத்தின் ஃப்யூஸ் போகும், இல்லையென்றால் தெருவின் டிரான்ஸ்பார்மர் போகும். அதைத் தடுக்க மின்வாரியம் சுழற்சி முறையில் மின்சாரத்தை வெட்டும். மின்சாரம் வெட்டப்பட்டால் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் கொதிகலன் நிலையத்தின் பம்பும் நிற்கும். இதற்கு மேல், 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய ஏவுகணைத் தாக்குதல்கள் மின்தொகுப்பின் பெரிய டிரான்ஸ்பார்மர்களைக் குறிவைத்தன. 200 டன்னுக்கு மேல் எடையுள்ள அவற்றில் ஒன்றைப் புதிதாகச் செய்து வாங்க ஓராண்டுகூட ஆகலாம். வெப்பம் மின்சாரத்தின் மீது சாய்கிறது, மின்சாரம் வெப்பத்தின் மீது சாய்கிறது. ஒன்று விழுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டுதான் விழும்.

கீவ் போன்ற நகரத்துக்கும் போர்முனை நகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். 2026 ஜனவரி 9 தாக்குதலில் கீவில் ஏறத்தாழ 6,000 அடுக்குமாடிக் கட்டடங்கள், அதாவது நகரத்தின் பாதியளவு, வெப்பமிழந்தன. இயன்றவர்கள் தற்காலிகமாக நகரத்தை விட்டுப் போகலாம் என்று மேயரே சொல்லும் அளவுக்கு நிலைமை போயிற்று. ஆயினும் அங்கே பழுதுபார்ப்பவர்களுக்கு இரண்டு தாக்குதல்களுக்கு நடுவே சில நாட்கள் கிடைக்கின்றன. கெர்சோனில் அந்த இடைவெளி கிடையாது. 2022 நவம்பர் 11 அன்று நகரம் மீட்கப்பட்ட பிறகு ரஷ்யப் படை நீப்பர் ஆற்றின் மறுகரையில் நிற்கிறது. அங்கிருந்து பீரங்கிக் குண்டும் சிறு ட்ரோனும் நகரத்தின் எந்தத் தெருவுக்கும் வரும். 2025 டிசம்பர் தொடக்கத்தில் கெர்சோன் தெத்ஸ் தொடர்ந்து பல நாட்கள் அடிவாங்கி இயங்க முடியாமல் நின்றபோது, 40,000க்கும் மேற்பட்டோர் வெப்பமிழந்தார்கள். பழுதுபார்க்கும் வண்டியே இலக்காகிவிடும் ஊரில் ஒரு குழாயை ஒட்டவைக்க மூன்று மணி நேரம் ஆகுமா நான்கு மணி நேரம் ஆகுமா என்பது பொறியியல் கேள்வியாக இருப்பதில்லை. மூடுபனியோ மழையோ ட்ரோன் பறக்க முடியாத காலையைத் தருமா என்பதுதான் கேள்வி.

கார்கிவ் வேறொரு வகை. எல்லையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்; எச்சரிக்கை ஒலி எழும் முன்பே ஏவுகணை விழுந்துவிடக்கூடிய தொலைவு. நகரத்தின் பெரிய நிலையமான ஐந்தாம் எண் தெத்ஸ் 2022 செப்டம்பர் 11 அன்று தாக்கப்பட்டது. 2024 மார்ச் 22 அன்று அதுவும் நகரத்தின் துணைமின் நிலையங்களும் ஒரே காலையில் சிதைக்கப்பட்டன. அது மார்ச்சு மாத இறுதி என்பதால் நகரம் பிழைத்தது. அடுத்த வெப்பப் பருவத்துக்குள் பகுதியளவாவது சரிசெய்ய ஆறு மாதம் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 25 காலையில் விழுந்த அடியில் கார்கிவ் மாநிலத்தில் ஐந்து லட்சம் பேர் வெப்பமிழந்ததாக மாநில ஆளுநர் அறிவித்தார். ஒரே நிலையத்துக்கு மார்ச்சில் விழும் குண்டும் டிசம்பரில் விழும் குண்டும் ஒன்றல்ல என்பதைத் தாக்குபவரும் அறிவார்.

இன்னொரு சுமை கண்ணுக்குத் தெரிவதில்லை: பாதி காலியான நகரத்தை முழு நகரமாகவே சூடாக்க வேண்டியிருக்கிறது. நூறு வீடுள்ள கட்டடத்தில் இருபது குடும்பங்களே எஞ்சியிருந்தாலும், தண்ணீர் நூறு வீட்டு ரேடியேட்டர்களிலும் ஓடித்தான் அந்த இருபது வீடுகளை அடையும். கார்கிவின் வடக்கு சால்திவ்கா குடியிருப்புப் பகுதியில் 2022இல் குண்டடிபட்ட பல மாடிக் கட்டடங்களில் கண்ணாடி போன சன்னல்களுக்கு ஒட்டுப்பலகையும் பிளாஸ்டிக் தாளும் அடித்திருந்தார்கள். பலகை இருளைத் தரும், தாள் காற்றைத் தடுக்கும், இரண்டும் சூட்டைப் பிடித்து வைக்காது. ஆக எரிபொருள் செலவு குறைவதில்லை, கட்டணம் செலுத்துவோர் எண்ணிக்கை மட்டும் குறைகிறது. போர்க்காலத்தில் வீட்டு வெப்பக் கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்று 2022இல் சட்டம் இயற்றப்பட்டதால், நகர வெப்ப நிறுவனங்கள் எரிவாயுவுக்குக் கொடுக்க வேண்டிய கடன் ஏறிக்கொண்டே போகிறது. அந்தச் சட்டம் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டியிடம் சந்தை விலை கேட்க எந்த அரசுக்கும் மனம் வராது. ஆனால் புதிய குழாய் வாங்க வேண்டிய பணம் அந்த வழியாகத்தான் கரைகிறது.

இதன் கடைசி எல்லையை உக்ரைன் அரசே ஒருமுறை வெளிப்படையாகச் சொன்னது. 2022 ஜூலை இறுதியில், நடுக்கோடையில், தொனெத்ஸ்க் மாநிலத்தில் தன் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலிருந்து மக்கள் கட்டாயமாக வெளியேற வேண்டும் என்று அறிவித்தபோது, அதற்குக் காட்டிய காரணங்களில் முதன்மையானது எரிவாயுக் குழாய்கள் சிதைந்துவிட்டதால் வரும் குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க வழியிருக்காது என்பதுதான். அந்த ஆண்டு மார்ச்சில் முற்றுகைக்குள் மின்சாரமும் எரிவாயுவும் தண்ணீரும் ஒருசேர நின்றுபோன மரியுபோலில், மக்கள் முற்றத்தில் தீமூட்டிச் சமைத்து, பனியை உருக்கிக் குடித்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

மாற்று வழி என்ன என்றால், பெரிய நிலையத்தைப் பல சிறு நிலையங்களாகப் பிரிப்பது. சுமி மாநிலத்தின் ஒக்திர்காவில் 2022 மார்ச் தொடக்கத்தில் வான்குண்டில் தெத்ஸ் அழிந்தபோது, அதே நிலையத்தை எழுப்பாமல் பெட்டி வடிவக் கொதிகலன்களைக் கொண்டுவந்து ஆங்காங்கே பொருத்தினார்கள். லாரியில் வந்து இறங்கும் இவற்றை ஒரு பேட்டைக்கோ ஒரு மருத்துவமனைக்கோ தனியாக இணைக்கலாம். எரிவாயுவில் ஓடி மின்சாரமும் வெப்பமும் தரும் சிறு எந்திரங்களையும் வெளிநாட்டு உதவியோடு பல நகரங்கள் வைத்திருக்கின்றன. மின்தொகுப்பு விழுந்தாலும் தங்கள் பம்பைத் தாங்களே ஓட்டிக்கொள்ளும் என்பதே அவற்றின் பெரும்பயன். ஆனால் இவை ஐந்தாம் எண் தெத்ஸைப் போன்ற ஒன்றின் இடத்தை நிரப்ப நூற்றுக்கணக்கில் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எரிவாயு இணைப்பும் உதிரிப் பாகமும் ஆளும் வேண்டும். ஜெனரேட்டர் வந்து, அதை வலையோடு இணைக்கும் பாகம் வராததால் கொட்டகையில் காத்திருப்பதும் நடக்கிறது. எனர்ஹோதாரில் நடந்தது இன்னும் விசித்திரம்: ஆக்கிரமிக்கப்பட்ட ஸபோரிஷியா அணுமின் நிலையம் 2022 செப்டம்பரில் மின்னுற்பத்தியை நிறுத்திய பிறகும், பக்கத்திலுள்ள அந்த ஊருக்கு வெப்பம் தருவதற்காகவே உலைகளில் ஒன்றையாவது சூடான நிலையில் வைத்திருந்தார்கள். ஆறு உலைகளும் ஒருசேரக் குளிர்நிலைக்குப் போக 2024 ஏப்ரல் ஆயிற்று.

எந்த வலையும் எட்டாத இடத்தில் மிஞ்சுவது ‘புர்ஷுய்கா’ என்னும் தகர அடுப்பு. ரஷ்யப் புரட்சிக் காலத்துப் பெயர் அது. 1941 குளிர்காலத்து லெனின்கிராடு முற்றுகையில் மரச்சாமான்களையும் தரைப்பலகையையும் எரித்ததும் இதே அடுப்புதான். கிராமத்தில் புகைபோக்கி இருக்கிறது. அடுக்குமாடியில் சன்னல் பலகையில் ஓட்டை போட்டுப் புகைக்குழாயை வெளியே விடுகிறார்கள், அல்லது குடும்பங்கள் அடித்தளத்தில் ஒன்றாக இறங்கி ஒரே அடுப்பைச் சுற்றி இருக்கின்றன. எரிவாயு அடுப்பைத் திறந்துவைத்து அறையைச் சூடாக்கி, கார்பன் மோனாக்சைடில் உயிரிழப்பது ஒவ்வொரு குளிர்காலத்திலும் நடக்கிறது. உதவி அமைப்புகள் விறகையும் மரத்தூள் கட்டிகளையும் லாரியில் ஏற்றிப் போர்முனைக் கிராமங்களுக்குக் கொண்டுபோகின்றன. ஊரைச் சுற்றிக் காடு இருக்கும்போது விறகைத் தொலைவிலிருந்து ஏன் கொண்டுவர வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரே விடை: காட்டில் கண்ணிவெடி இருக்கிறது. 2022 நவம்பரிலிருந்து நாடெங்கும் திறக்கப்பட்ட ‘தளராமையின் மையங்கள்’ சூடான தேநீரும் போனுக்குச் சார்ஜும் சில மணி நேரக் கதகதப்பும் தருகின்றன. எட்டாம் மாடியிலிருந்து லிஃப்ட் இல்லாமல் இறங்க முடியாதவருக்கு அந்த மையம் இல்லாததற்குச் சமம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தொட்டாக வேண்டும். ஜெனிவா ஒப்பந்தங்களின் 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை பொதுமக்களுக்குரிய பொருள்களைத் தாக்குவதைத் தடைசெய்கிறது. தெத்ஸ் ராணுவத்துக்கும் மின்சாரம் தருகிறது, ஆகவே அது ராணுவ இலக்கு என்று வாதிடுவது வழக்கம். அப்படியே வைத்துக்கொண்டாலும், கிடைக்கும் ராணுவப் பயனுக்குப் பொதுமக்களின் கேடு மிகையாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனை நீங்குவதில்லை. 2022-23 குளிர்காலத்து மின்கட்டமைப்புத் தாக்குதல்களுக்காகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 மார்ச்சில் ரஷ்யப் படைத்தலைவர்கள் கொபிலாஷ், சொக்கலோவ் இருவர் மீதும், ஜூனில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஷொய்கு, படைகளின் தலைமைத் தளபதி கெராசிமோவ் மீதும் பிடியாணை பிறப்பித்தது. எல்லைக்கு அப்பால் ரஷ்யாவின் பெல்கொரொத் நகரமும் இப்போது உக்ரைனின் தாக்குதல்களால் மின்சாரமும் வெப்பமும் தடைப்படுவதை அனுபவிக்கிறது. நெறிமுறை இரு கரைக்கும் ஒன்றே என்பதால் அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஏப்ரலில் வெப்பப் பருவம் முடிந்ததும் இந்த நகரங்களில் வேலை ஓய்வதில்லை. குழாய்களில் வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றி, வேண்டுமென்றே பலவீனமான இடங்களை உடைய விட்டு, உடைந்த இடத்தைத் தோண்டிப் புதுத்துண்டு வைத்து வெல்டு செய்வது சோவியத் காலம் முதல் கோடைகாலச் சடங்கு. இப்போது குண்டதிர்வில் நெகிழ்ந்த இணைப்புகள் எங்கே இருக்கின்றன என்பதைக் கண்டுபிடிக்கவும் அதுவே வழி. மண்ணுக்கு அடியில் இருப்பவை அழுத்தம் ஏற்றும் வரை வெளியே தெரியாது. கெர்சோனில் அந்தக் குழியைத் தோண்டும்போது ஒருவர் வெல்டு செய்கிறார், இன்னொருவர் ட்ரோன் வருகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.